மலையில் குளிராமல் வேர்க்குமா?

என் வாய் சும்மா இருக்காது. எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய்தான் போன வருடம் என்னை மேலே அனுப்பப் பார்த்தது. மார்பில் வந்த கட்டி கூட அவ்வளவு அவசரப்படவில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் பிள்ளைக் காப்பக ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். பதினேழு வருடமாக இதே வேலை. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எவ்வளவு காய்ச்சல் என்று நெற்றியில் கை வைத்தே சொல்லிவிடுவேன். "நூறு இருக்கும், கூட்டிட்டுப் போயிடு" என்பேன். டிஸ்பென்சரியில் அளந்து பார்த்தால் நூறுதான் இருக்கும். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு.

என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் வேலை, தேயிலை காய்கிற டிரையர் பக்கம். நாள் முழுக்கச் சூட்டில் நின்று பழகியவர் வெளியே வந்தால் குளிர் தாங்க மாட்டார். சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற ஒரே ஆம்பளை எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அவர்தான். "சிலோன்ல இருந்து கப்பல் ஏறுனப்போ ஒங்க அப்பா சூட்டை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாரு போல" என்று நான் கேலி செய்யாத நாள் இல்லை. அவர் பதிலுக்குக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொள்வார்.

கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறிய பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனி இரண்டு விதமான மருந்து. ஒன்று கீமோ. வேகமாக வளர்கிற எதையும் அது அடிக்கும். புற்றையும் அடிக்கும், முடியையும் அடிக்கும், வாய், வயிறு, ரத்தம் ஊறுகிற இடம் எதையும் விடாது. இன்னொன்று குறி வைத்த மருந்து. என்னுடைய கட்டியின் செல்களின் மேல் ஒரு வகைப் புரதம் அளவுக்கு மீறி இருந்ததாம். வளரு வளரு என்கிற உத்தரவு அதன் வழியாகத்தான் உள்ளே போகுமாம். இந்த மருந்து போய் அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லோருடைய கட்டிக்கும் இது ஆகாது, சோதனையில் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை இரண்டும் சேர்ந்து ஏறும். அதற்குப் பிறகு குறி வைத்த மருந்து மட்டும், மொத்தம் ஒரு வருடம் முடிகிற வரைக்கும்.

"களைக்கொல்லி அடிக்கிறதும், கையால புல்லு புடுங்குறதும் மாதிரிங்களா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "அப்படித்தான் வெச்சுக்குங்களேன். ஆனா கையால புடுங்குற ஆளும் சில சமயம் செடிய மிதிச்சிருவாரு. இந்த மருந்து சில பேருக்கு இருதயத்தத் தளர வெக்கும். அதனால மூணு மாசத்துக்கு ஒருக்கா எக்கோ எடுத்துப் பாத்துக்குவோம்."

அங்கே மருந்து ஏற்றுகிற வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். அவள் ஒரு சிவப்பு அட்டையை என் கையில் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அக்கா, மருந்து ஏறி ஏழாவது நாள்ல இருந்து பதினாலாவது நாள் வரைக்கும் வெள்ளை அணு ரொம்பக் கொறஞ்சு போகுமுங்க. அப்ப ஒரு சின்னக் கிருமி வந்தாலும் ஒடம்பு எதுத்து நிக்காது. நூறு புள்ளி நாலு காய்ச்சல் வந்தாலோ, குளிரி நடுங்குனாலோ உடனே கூப்புடோணும். மாத்திரையப் போட்டுட்டு ஊட்டுலயே படுத்துக்கக் கூடாதுங்க. மொதல்ல அளந்து பாக்கோணும், அப்பறம் எங்களக் கூப்புடோணும். காய்ச்சல் மாத்திரை காய்ச்சல மறைச்சுப் போடும், கிருமிய ஒண்ணும் பண்ணாது."

நான் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன். புதுத் தெர்மாமீட்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டோம்.

முதல் நாள் குறி வைத்த மருந்து ஏறத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆனதும் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிடுகிடுவென அடித்தது. செத்தேன் என்று நினைத்தேன். சிஸ்டர் ஓடி வந்து சொட்டை நிறுத்தி, ஊசி ஒன்று போட்டு, இரண்டு கம்பளி போர்த்திவிட்டாள். "இந்த மருந்துக்கு மொத தடவை இப்படி வருமுங்க, பயப்படாதீங்க" என்றாள். அரை மணியில் அடங்கியது. பிறகு மெதுவாக ஏற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மண்டையில் ஒன்று பதிந்துவிட்டது. இந்த மருந்து என்றால் குளிரும், குளிர்ந்தால் தானாக அடங்கும். மொத தடவை என்று அவள் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் முடி கொட்டியது. மலையில் இருப்பதில் ஒரு நல்லது, எல்லோர் தலையிலும் ஏதாவது ஒன்று இருக்கும். குல்லாவோ முக்காடோ துண்டோ, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வாய் புண்ணாகி, டீ துருப்பிடித்த தகரம் போல ருசித்தது. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு டீ பிடிக்காமல் போனது முடி போனதைவிடப் பெரிய துக்கம். அழுதுவிட்டேன். விரல் நுனிகள் மரத்துப் போயின. புடவை மடிப்பு தெரியவில்லை, பொத்தான் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன், கீமோவால் வருவதுதான் என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை போனபோது ரத்தத்தில் வெள்ளை அணு போதவில்லை என்று மருந்தை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். என் மண்டையில் அது ஏறவே இல்லை. பஸ்ஸில் பர்லியார் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். இந்த ஒரு வாரத்தில் அது மறுபடி முளைத்துவிட்டால்? களை அப்படித்தானே, ஒரு ரவுண்டு எடுக்காமல் விட்டால் மறு மாதம் செடியை மூடிவிடும். இனி ஒரு நாள் கூடத் தள்ளிப்போக விடக்கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த முடிச்சுதான் என் கழுத்தைச் சுற்றியது.

ஒவ்வொரு தடவையும் ஒன்பதாவது நாள் காலையில் சிஸ்டர் போன் செய்வாள். காய்ச்சல் இருக்குங்களா, வயித்தால போகுதுங்களா, வாய்ப்புண் எப்படி இருக்குதுங்க என்று வரிசையாகக் கேட்பாள். கடைசியாக, "குளிருதுங்களா அக்கா?" என்பாள்.

"மலையில குளிராம வேர்க்குமா சிஸ்டர்?" என்பேன் நான்.

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அதைச் சொல்வேன்.

மூன்றாவது மருந்து ஏறிய ஒன்பதாவது நாள். ஐப்பசி மாதம். விடியும்போதே முதுகுத் தண்டில் குளிர் ஓடியது. எழுந்து உட்கார்ந்தால் கை நடுங்கியது. எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலை பிரிப்பதைப் பிரட்டு என்போம். உடம்பு சரியில்லை என்றால் பிரட்டுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் மாத்திரையை முழுங்கிவிட்டு மலைக்குப் போவார்கள். அளந்து பார்க்கிற வழக்கமே இல்லை. என் அம்மா அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான். நான் லீவில் இருந்தேன், பிரட்டும் இல்லை மலையும் இல்லை. ஆனாலும் கை தானாக அலமாரிக்குப் போய் மாத்திரையை எடுத்து வாயில் போட்டது. அவர் அதற்குள் ஃபாக்டரிக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. "காய்ச்சல் அளந்தீங்களா அக்கா?"

தெர்மாமீட்டர் டப்பாவிலேயே இருந்தது. நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "தொண்ணூத்தெட்டு சிஸ்டர்" என்றேன்.

பொய். முழுப் பொய். காய்ச்சல் என்று சொன்னால் அடுத்த மருந்தைத் தள்ளிவிடுவார்கள் என்கிற பயம்.

"குளிருதுங்களா?"

பல் அடிக்கிற சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று தாடையைக் கையால் பிடித்துக்கொண்டேன். "மலையில குளிராம வேர்க்குமா சிஸ்டர்?"

அவள் சிரித்தாள். போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் கணப்புச் சட்டியில் கரியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு ஸ்வெட்டர், மேலே சால்வை, அதற்கும் மேலே கம்பளி. முகம் சுட்டது, கரி அனல் என்று நினைத்தேன். நடுவில் ஒரு தடவை எழுந்து கதவு வரை போக முடியாமல் சுவரைப் பிடித்தேன், சாப்பிடாததால் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வெறும் சட்டை போட்டிருந்தார். ஸ்வெட்டர் தோளில் தொங்கியது.

"என்னா புள்ள இப்பிடிக் குந்தியிருக்க?"

"குளிருது."

"குளிருதா?" அவர் வெளியே திரும்பிப் பார்த்தார். பத்து நாள் மழைக்குப் பிறகு அன்று நல்ல வெயில் அடித்தது. லயத்து முன்னால் கயிறு முழுக்கத் துணி காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை வெயிலில் குளிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே வேர்க்குது புள்ள" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உள்ளே சில்லென்றது. அது வேறு குளிர். சித்திரையில் ஸ்வெட்டர் போடுகிற மனுஷன் வேர்க்கிறது என்கிறார்.

அவர் டப்பாவிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். "இப்பத்தான் சுடுதண்ணி குடிச்சேன், ஏறித்தான் காட்டும்" என்றேன்.

"வாயில வெக்கல. கக்கத்தைத் தூக்கு."

பீப் என்றது. அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் காட்டினார். நூற்று இரண்டு.

"கை வெச்சுப் பாத்தேங்க, ஒண்ணும் இல்ல."

"மரத்துப் போன கையில என்னாத்தடி தெரியும்?" என்று கத்தினார். இருபத்தொரு வருடத்தில் அவர் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "ஒன் நெத்தியும் சுடுது, ஒன் கையும் சுடுது! ஒண்ணுக்கொண்ணு என்னா தெரியும்?"

பதினேழு வருட ஆயாவுக்கு இது உறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் நெற்றி பார்த்தவள்.

அவரே சிஸ்டருக்குப் போன் செய்தார், ஸ்பீக்கரில் போட்டார். நூற்று இரண்டு என்றதும் அவள் குரலில் சிரிப்பு இல்லை. "மாத்திரை ஏதாச்சும் போட்டாங்களா?" காலையில் போட்டேன் என்றேன். "அக்கா, கோயமுத்தூர் வர வேண்டாமுங்க, அவ்வளவு நேரம் இல்ல. பக்கத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. செவப்பு அட்டையக் காட்டுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஊசி ஏறோணும். நானு அங்கத்த டாக்டர்கிட்டப் பேசறேன். கெளம்புங்க, இப்பவே."

எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர் ஊரில் இல்லை. ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் போயிருக்கிறது, வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். எடை போடுகிற இடத்தில் கொழுந்து லாரி மட்டும் நின்றிருந்தது. அவர் என்னைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனார். வரிசையில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பாதி ஏறியிருந்த கொழுந்து மூட்டைகளை மள மளவென்று கீழே இழுத்துப் போட்டார்கள். எல்லாம் என் காப்பகத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருத்தி தன் முக்காட்டை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

இரண்டாவது கொண்டை ஊசியில் வண்டிகள் நின்றுவிட்டன. லீவுக்கு வந்த கூட்டம். ஒரு வேனை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு, ஒரு குடும்பம் பள்ளத்தாக்கைப் பார்த்துப் போட்டோ எடுத்தது. புது ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரு பெண் கையைத் தேய்த்துக்கொண்டு, "செம குளிர்ல்ல!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எட்டிப் பார்த்துத் திட்ட வாயைத் திறந்தேன். பல்தான் அடித்தது, வார்த்தை வரவில்லை. என் வாழ்நாளில் வாய் திறந்து பேச்சு வராமல் போனது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் இறங்கிப் போனார். என்ன சொன்னாரோ, வேன் நகர்ந்தது.

அவர் தன் கைக்கடிகாரத்தை என்னிடம் காட்டவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் செத்துவிடுவேன் என்று அவர் நினைப்பது தெரிந்தது. எனக்கும் அதே நினைப்புதான். ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு அழுதவள், ஒரு மணி நேரத்துக்காகச் சாமியைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இடது கையில் ஊசி குத்தக் கூடாது, அந்தப் பக்கம் ஆபரேஷன். வலது கையில் நரம்பே கிடைக்கவில்லை. மருந்து ஏறி ஏறி உள்ளே ஒளிந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா ஒரு தடவை குத்தினார், இரண்டு தடவை குத்தினார். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது தடவை புறங்கையில் கிடைத்தது. மருந்து சொட்ட ஆரம்பித்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். போன் பேசி ஐம்பத்தெட்டு நிமிடம்.

ரத்த முடிவு வந்தது. எதிர்த்து நிற்கிற வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சின்ன வயது டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் வீட்லயே இருந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் போய்விட்டார்.

நான்கு நாள் அங்கே கிடந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அவர் என் தலைத்துண்டைச் சரி செய்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடித்த ஒரே ஜோக். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று சிஸ்டர் போன் செய்தாள். தொண்ணூற்றெட்டு என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நானும் சிரிச்சுட்டு வெச்சுட்டனுங்களே அக்கா" என்றாள். அவள் அழுவது கேட்டது. "குளிருதான்னு மலைக்காரங்களக் கேட்டா என்ன பதில் வருமுன்னு எனக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

அடுத்த மருந்து ஒரு வாரம் தள்ளித்தான் போனது. ஒன்றும் முளைத்துவிடவில்லை. வெள்ளை அணு ஏற்றுகிற ஊசியையும் அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் சேர்த்துப் போட்டார்கள். நடுவில் எக்கோ எடுத்தார்கள். "மேடு ஏறுனா மூச்சு வாங்குதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். வாய் வரைக்கும் வந்தது, மலையில யாருக்குத்தான் வாங்காது என்று. முழுங்கிவிட்டு, "எப்பவும் கூட ஏறுற பொம்பளைங்க நிக்காத எடத்துல நான் நிக்கறதில்லைங்க" என்று ஒழுங்காகப் பதில் சொன்னேன். இருதயம் நன்றாகத்தான் இருந்தது.

ஆறாவது கீமோ, கடைசி கீமோ, மார்கழியில் முடிந்தது. அதன் ஒன்பதாவது நாள் காலையில் முதுகில் குளிர் ஓடியது.

எழுந்து நேராகத் தெர்மாமீட்டரிடம் போனேன். மாத்திரைப் பக்கம் திரும்பவே இல்லை. தொண்ணூற்றெட்டு. மறுபடி வைத்தேன், தொண்ணூற்றெட்டு. ஆனால் கை நடுங்கியது. பயத்திலா, குளிரிலா, வேறு எதிலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அட்டையில் காய்ச்சல் மட்டுமா எழுதியிருக்கிறது, குளிர் நடுக்கமும்தான் இருக்கிறது.

போன் அடித்தது. எல்லாம் கேட்டாள். அளந்ததைச் சொன்னேன், இந்தத் தடவை நிஜம். நடுங்குவதையும் சொன்னேன். "வாய் காஞ்சு போச்சு சிஸ்டர், பயமா இருக்கு" என்றேன்.

"இருங்க அக்கா, பதட்டப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் குளிருதுங்களா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் வாசலுக்கு வெளியே எங்கேயோ நின்றிருந்தார், இங்கிருந்து தெரியவில்லை. போனைக் காதோடு பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். ஐந்தாறு எட்டுதான். அதற்குள், வெறும் சட்டையோடு நிற்பாரோ, ஸ்வெட்டர் தோளில் தொங்குமோ என்று நூறு தடவை நினைத்துவிட்டேன்.

கதவைத் திறந்தேன். "ஏங்க, ஒங்களுக்குக் குளிருதா?"

அவர் திரும்பினார். குல்லாவுக்கு மேல் மப்ளர், இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என்னுடைய சால்வை. மூக்கு சிவந்து தண்ணீர் ஒழுகியது.

"என்னா கேள்வி புள்ள இது?" என்றார், பல் அடிக்க. "மலையில குளிராம வேர்க்குமா?"

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் சிஸ்டர், "அக்கா? அக்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கும் குளிருதாம் சிஸ்டர்" என்றேன்.